சூரியப் புயலைக் கணிப்பது எப்படி: கரும்புள்ளியிலிருந்து காந்தமானி வரை

விண்வெளி வானிலையைக் கணிக்க உட்காருபவர் மூன்று கடிகாரங்களைத் தனித்தனியே ஓடவிட வேண்டும். சூரியனில் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தால் அதன் எக்ஸ்ரேயும் புற ஊதாக் கதிரும் 8 நிமிடம் 20 விநாடியில் இங்கே வந்துவிடும். வெடிப்பு நம் கண்ணில் படும்போதே அதன் பாதிப்பும் தொடங்கியிருக்கும். அடுத்து வருபவை உயர் ஆற்றல் புரோட்டான்கள். சூரியனையும் பூமியையும் இணைக்கும் காந்தக் கோடு வளைந்து செல்வதால் அவற்றின் பாதை சற்று நீளம். 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானுக்கு 23 நிமிடம் போல ஆகும், 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானுக்கு 1 மணி 10 நிமிடம் போல ஆகும். கடைசியில் வருவது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து பிய்த்து எறியப்பட்ட பிளாஸ்மா முகில், அதாவது மின்னேற்றமுள்ள வாயு. இதைத்தான் சிஎம்இ என்கிறார்கள். இது பெரும்பாலும் 1 முதல் 4 நாள் எடுத்துக்கொள்ளும். 1972 ஆகஸ்டில் ஒரு முகில் 14.6 மணி நேரத்தில் வந்து மோதியது. பதிவானவற்றில் மிக வேகமானது அதுதான்.

செய்திகளில் வரும் ‘சூரியப் புயல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் நோவா அமைப்பு அவற்றை மூன்று அளவுகோல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: ரேடியோ தடைக்கு ஆர், கதிர்வீச்சுக்கு எஸ், புவிகாந்தப் புயலுக்கு ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை செல்லும். கணிப்பையும் அப்படியே மூன்று தனி வரிகளாக எழுதுங்கள். ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றைச் சொன்னால் கணிப்பு அங்கேயே பிசகிவிடும்.

தினமும் திறக்க வேண்டிய பக்கங்கள்

எல்லாத் தரவும் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரத்தை எப்போதும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் குறியுங்கள். உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களின் கணக்கில் வரும் பிழைகளில் பாதி இந்த மாற்றத்தில்தான் நுழைகிறது.

கோஸ் செயற்கைக்கோள்கள் எக்ஸ்ரே, புரோட்டான், எலக்ட்ரான் அளவுகளைத் தருகின்றன. எஸ்டிஓ விண்கலம் சூரிய வட்டின் காந்த வரைபடத்தையும், 193 ஆங்ஸ்ட்ராம் போன்ற அலைநீளங்களில் கொரோனாவின் படங்களையும் தருகிறது. சூரிய வட்டைத் தட்டு வைத்து மறைத்துச் சுற்றியுள்ள கொரோனாவைப் பார்க்கும் கரோனாகிராஃப் படங்களுக்கு சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவியும், கோஸ்-19-இல் உள்ள சிசிஓஆர்-1 கருவியும் இருக்கின்றன. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்1 என்னும் புள்ளியில் ஏஸ் போன்ற விண்கலங்கள் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து எப்போதும் வீசும் பிளாஸ்மாவை, நேரடியாக அளக்கின்றன. 2024 ஜனவரி 6-இல் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 அதே புள்ளியைச் சுற்றும் பாதைக்குள் சென்றது. தரையிலுள்ள காந்தமானிகளைக் கொண்டு புவிகாந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் கேபி குறியீட்டின் அதிகாரபூர்வ மதிப்பை ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் ஆய்வு மையம் வெளியிடுகிறது. புயலின்போது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு தாழ்கிறது என்று காட்டும் டிஎஸ்டி குறியீட்டை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் வெளியிடுகிறது.

வெடிப்புக்கான வாய்ப்பு

எக்ஸ்ரே வெடிப்புகளின் வகைகள் ஏ, பி, சி, எம், எக்ஸ். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. எம்1 என்றால் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு, எக்ஸ்1 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆர்1 தொடங்குவது எம்1-இல், ஆர்2 எம்5-இல், ஆர்3 எக்ஸ்1-இல், ஆர்4 எக்ஸ்10-இல், ஆர்5 எக்ஸ்20-இல்.

வெடிப்பு எந்த நிமிடத்தில் நிகழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த 24 மணி நேரத்துக்கான நிகழ்தகவைத்தான் சொல்லலாம். அதற்குக் கரும்புள்ளிக் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பரப்பைவிடக் காந்தச் சிக்கல் முக்கியம். காந்தத் துருவங்கள் எளிமையாக அமைந்த ஆல்ஃபா, பீட்டா வகைக் கூட்டங்கள் பெரும்பாலும் அமைதியானவை. துருவங்கள் கலந்து கிடந்தால் காமா. ஒரே அரைநிழலுக்குள் எதிரெதிர் துருவமுள்ள கருமையங்கள் இரண்டு டிகிரி இடைவெளிக்குள் நெருங்கி நின்றால் அது டெல்டா. பீட்டா-காமா-டெல்டா என்று வகைப்படுத்தப்பட்ட கூட்டம் வளர்ந்துகொண்டும் இருந்தால் எம் வகை வெடிப்பை எதிர்பார்க்கலாம், எக்ஸ் வகையை ஒதுக்கிவிடக் கூடாது. நேற்று வெடித்த கூட்டம் இன்றும் வெடிக்கும் என்ற எளிய விதியைக் குறைத்து எடைபோடாதீர்கள். பல நுட்பமான மாதிரிகள் அந்த விதியைத் தாண்டவே திணறுகின்றன.

எண்ணாக்குவது இப்படி. ஒரு வகைக் கூட்டம் கடந்த காலத்தில் நாளுக்குச் சராசரியாக 0.3 எம் வெடிப்புகளைத் தந்திருந்தால், குறைந்தது ஒன்றாவது நிகழும் வாய்ப்பு 1−e^−0.3, அதாவது 26 சதவீதம். வட்டில் உள்ள மூன்று கூட்டங்களுக்கு 20, 10, 30 சதவீதம் என்று வந்தால் அவற்றைக் கூட்டி 60 என்று எழுதக் கூடாது. எதுவுமே வெடிக்காத வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்: 0.8 × 0.9 × 0.7 = 0.504. ஆகவே வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம்.

வட்டின் விளிம்பிலிருந்து 30 டிகிரிக்குள் உள்ள கூட்டங்களின் காந்த வகையை நம்பாதீர்கள். சாய்ந்த பார்வையில் துருவங்கள் தலைகீழாகத் தெரிந்து, இல்லாத டெல்டா இருப்பதுபோல் காட்டும். கிழக்கு விளிம்பில் இன்னும் எட்டிப் பார்க்காத கூட்டம் ஒன்று பின்னாலிருந்து வெடிப்பதும் உண்டு. விளிம்புக்கு மேலே கொரோனா வளையங்கள் பளிச்சென்று எழுந்து நின்றால் வரப்போகும் இரண்டு நாளின் நிகழ்தகவை முன்கூட்டியே சற்று உயர்த்துங்கள்.

பழைய வெடிப்புகளோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்க: கோஸ்-15 வரையிலான கருவிகளின் அறிக்கை எண்களில் 0.7 என்ற பெருக்கல் காரணி இருந்தது. கோஸ்-16 முதல் அது நீக்கப்பட்டது. ஆகவே 2003 நவம்பர் 4-இன் எக்ஸ்28 வெடிப்பு இன்றைய அளவில் எக்ஸ்40.

முகில் கிளம்பியதா, நம்மை நோக்கியா?

இங்கேதான் நிதானம் வேண்டும். எக்ஸ் வகை வெடிப்பு நிகழ்ந்தது என்பதாலேயே முகில் வரும் என்று எழுதிவிடக் கூடாது. 2014 அக்டோபரில் 12192 என்ற எண் கொண்ட ராட்சதக் கூட்டம் ஆறு எக்ஸ் வெடிப்புகளைத் தந்தது, அவற்றோடு முகில் எதுவும் கிளம்பவில்லை. மேலே இறுக்கிப் பிடித்திருந்த காந்தப்புலம் எதையும் வெளியே விடவில்லை. மாறாக, கரும்புள்ளியே இல்லாத இடத்தில் காந்தப்புலத்தில் தொங்கும் நீண்ட பிளாஸ்மா இழை ஒன்று அறுந்து கிளம்பி, சி வகை வெடிப்புகூட இல்லாமல் முகிலாக வந்து மோதுவதும் உண்டு.

கிளம்பியதற்கான தடயங்கள் நான்கு. எக்ஸ்ரே வரைபடம் கூர்மையாக ஏறி இறங்காமல் மணிக்கணக்கில் மெல்லத் தணிவது, 193 அல்லது 211 ஆங்ஸ்ட்ராம் படத்தில் வெடித்த இடத்தைச் சுற்றி இருள் படர்வது, அதிர்ச்சி அலை எழுப்பும் இரண்டாம் வகை ரேடியோ வெடிப்பு பதிவாவது, கரோனாகிராஃபில் முகப்பு தெரிவது. முதல் மூன்றும் குறிப்புகள்தாம், நான்காவதுதான் சாட்சி. கரோனாகிராஃபில் முகில் சூரியனைச் சுற்றி முழு வளையமாகத் தெரிந்தால் அது பூமியை நோக்கி வருகிறது, அல்லது நேர் எதிர்த் திசையில் போகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஸ்டிஓ படத்தில் அதே நேரத்தில் வட்டின் முன்பக்கம் எதுவும் அசையவில்லை என்றால் அது பின்பக்க முகில். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டதால் எழுந்த வீண் பரபரப்புகள் ஏராளம்.

வேகத்தை அளப்போம். லாஸ்கோவின் சி2 கருவி 6 சூரிய ஆரம் வரையும், சி3 கருவி 30 சூரிய ஆரம் வரையும் பார்க்கும். ஒரு சூரிய ஆரம் 6,95,700 கி.மீ. சி2-வின் 10:12 படத்தில் முகப்பு 5 ஆரத்தில், சி3-இன் 13:06 படத்தில் 20 ஆரத்தில் இருந்தால், 15 ஆரத்தை 174 நிமிடத்தில் கடந்திருக்கிறது. 1.044 கோடி கி.மீ.யை 10,440 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 1,000 கி.மீ. இரண்டு படங்களோடு நிறுத்தாமல் ஐந்தாறு படங்களில் ஒரே திசையில் முகப்பைக் குறித்து நேர்கோடு பொருத்துங்கள். கிடைப்பது வானத்தின் தளத்தில் விழும் வேகம் மட்டுமே. நேராக நம்மை நோக்கி வரும் முகிலின் உண்மையான வேகம் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். வேறு கோணத்திலிருந்து பார்க்கும் ஸ்டீரியோ-ஏ விண்கலத்தின் படமும் கிடைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

வந்து சேரும் நேரம்

இதே வேகத்தில் நேராக ஓடிவரும் என்று கணக்குப் போட்டால் 20 ஆரத்திலிருந்து பூமிக்கு 38 மணி நேரம் ஆகும். விடை தவறு. வேகமான முகிலைச் சூரியக் காற்று இழுத்துப் பிடிக்கும், மெதுவான முகிலைத் தள்ளிவிடும். இந்த இழுவையைச் சேர்த்த எளிய சூத்திரம் இது:

தூரம் = (1/γ) × ln[1 + γ(v−w)t] + w×t

இதில் v முகிலின் தொடக்க வேகம், w சூரியக் காற்றின் வேகம், γ இழுவைக் காரணி. முகில் காற்றைவிட வேகமாக இருக்கும்போது பொருந்தும் வடிவம் இது. v=1,000, w=400, γ = கிலோமீட்டருக்கு 0.2×10⁻⁷ என்று வையுங்கள். 20 ஆரத்திலிருந்து பூமி வரை மீதமுள்ள தூரம் 13.57 கோடி கி.மீ. t-க்கு மதிப்பு கொடுத்துக் கொடுத்துப் பார்த்தால் 53 மணி நேரத்தில் சமன்பாடு நிறைவாகும். வந்து சேரும்போது வேகம் 580 கி.மீ. அளவுக்குக் குறைந்திருக்கும். முகப்பு 13:06-க்கு 20 ஆரத்தில் இருந்ததால், மோதல் மூன்றாம் நாள் 18:00 வாக்கில், தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால்.

இப்போது எண்களை அசைத்துப் பாருங்கள். γ-வைப் பாதியாக்கினால் 53 மணி 46 ஆகிறது. காற்றின் வேகத்தை 500 என்று வைத்தால் 48 ஆகிறது. நோவா பயன்படுத்தும் டபிள்யூஎஸ்ஏ-என்லில் போன்ற பெரிய கணினி மாதிரிகளிலும் சராசரிப் பிழை 10 மணி நேரம் அளவில் இருக்கிறது. ஆகவே நேரத்தை ஒற்றைப் புள்ளியாகச் சொல்லாமல் “மூன்றாம் நாள் 08:00 முதல் நான்காம் நாள் 04:00 வரை” என்று இடைவெளியாக எழுதுங்கள். நிமிடக் கணக்கில் எண்ணிக் காட்டும் கடிகாரங்களைப் பகிர்வது வாசகரை ஏமாற்றும் வேலை.

அடுத்தடுத்து முகில்கள் கிளம்பும்போது இந்தக் கணக்கு பிசகும். முன்னால் போனது பாதையைத் துடைத்துவிட, பின்னால் வருவதற்கு இழுவை குறையும். அது முன்னதை எட்டிப் பிடித்து நசுக்கவும் செய்யும். 2024 மே மாதம் 13664 கூட்டத்திலிருந்து வரிசையாக வந்த முகில்களுக்கு நோவா ஜி4 முன்னறிவிப்பு விட்டது, 2005 ஜனவரிக்குப் பின் முதல்முறையாக. வந்ததோ ஜி5. வரிசையாக மூன்று முகிலுக்கு மேல் வருகிறது என்றால் γ-வைக் குறைத்து, மேல் எல்லையை ஒரு படி உயர்த்திக்கொள்வது நல்லது.

திசையும் கணக்கில் வரும். வட்டின் மையத்தையும் அதற்குச் சற்று மேற்கையும் ஒட்டிக் கிளம்புபவை நேராக மோதும். கிழக்கு 60 டிகிரிக்கு அப்பால் கிளம்பினால் ஓரம் உரசினாலே பெரிது. புரோட்டான்களுக்குக் கணக்கு வேறு: 400 கி.மீ. காற்றில் பூமியோடு காந்தக் கோட்டால் இணைந்திருப்பது மேற்கு 55 முதல் 60 டிகிரி. அங்கே பெரிய வெடிப்பு நிகழ்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எஸ்1 எல்லையைத் தாண்டக்கூடும். 10 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட புரோட்டான் பாய்வு 10 அலகு என்பதே அந்த எல்லை, அதன்பின் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. கிழக்கிலிருந்து வந்தால் அளவு நாள் முழுக்க மெல்ல ஏறி, அதிர்ச்சி அலை வந்து சேரும்போது உச்சம் தொடும்.

கொரோனா துளைகள்

இவை பரபரப்பில்லாத வேலை, ஆனால் கணிப்பாளருக்குச் சோறு போடுவது இவைதான். 193 ஆங்ஸ்ட்ராம் படத்தில் கருமையாகத் தெரியும் துளை வட்டின் நடுக்கோட்டைக் கடந்த 2 முதல் 4 நாளில் வேகக் காற்று வந்து சேரும். சூரியன் நம் பார்வையில் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதால், 27 நாள் முந்தைய கேபி வரைபடத்தை இன்றையதன்மேல் வைத்துப் பார்த்தாலே பாதிக் கணிப்பு முடிந்துவிடும். பெரும்பாலும் ஜி1 அல்லது ஜி2. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி ஒரு படி கூடுதலாக எதிர்பாருங்கள். அதிலும் மார்ச்சில் சூரியனை நோக்கிய காந்தத் திசை கொண்ட துளைகளும், செப்டம்பரில் வெளிநோக்கிய திசை கொண்டவையும் பூமியை அதிகம் கலக்கும்.

கடைசி ஒரு மணி நேரம்

வரும் நேரத்தை ஓரளவு முன்பே சொல்லலாம். புயலின் வலிமையை எல்1 வரை சொல்ல முடியாது. காரணம் பிஇசட்: சூரியக் காற்றின் காந்தப்புலத்தில் வடக்கு-தெற்குக் கூறு. அது தெற்கு நோக்கி, அதாவது எதிர்மறையாக இருந்தால்தான் பூமியின் காந்தக் கவசம் திறக்கும். எவ்வளவு பெரிய முகிலானாலும் பிஇசட் வடக்காகவே நின்றுவிட்டால் ஜி1-கூட வராமல் கடந்து போகும். கரோனாகிராஃப் படத்தில் இந்தத் திசை தெரியாது. அதனால் முன்கணிப்பில் எப்போதும் நிபந்தனை சேர்த்து எழுதுங்கள்: “பிஇசட் தெற்காக நீடித்தால் ஜி3, இல்லையெனில் ஜி1”.

எல்1 தரவில் வேகம், அடர்த்தி, வெப்பநிலை, மொத்தக் காந்தப்புலம் நான்கும் ஒரே நிமிடத்தில் துள்ளினால் அது முகிலின் அதிர்ச்சி அலை. அடர்த்தி முதலில் ஏறி, வேகம் பல மணி நேரம் மெல்ல உயர்ந்தால் அது துளையின் காற்று. சாதாரண நாளில் வேகம் 400 கி.மீ., அடர்த்தி கன செ.மீ.க்கு 5, மொத்தப் புலம் 5 நானோடெஸ்லா. பூமிக்கு வரும் தாமதம் 15 லட்சம் கி.மீ. ÷ வேகம்: 400-க்கு 62 நிமிடம், 800-க்கு 31 நிமிடம்.

வலிமைக்கு ஒரு விரைவுக் கணக்கு: வேகம் × தெற்கு பிஇசட் ÷ 1,000. விடை மீட்டருக்கு 5 மில்லிவோல்ட்டைத் தாண்டி மூன்று மணி நேரம் நீடித்தால் டிஎஸ்டி −100 நானோடெஸ்லாவுக்குக் கீழே போகும் கடும்புயலுக்குத் தயாராகுங்கள். 500 கி.மீ. வேகமும் −10 பிஇசட்டும் சரியாக அந்த எல்லை. பத்து நிமிடம் −20-க்கு இறங்கி மீண்டும் மேலேறினால் பெரிதாக எதுவும் நடக்காது. நீடிப்பதுதான் எல்லாமும்.

அதிர்ச்சி அலைக்குப் பின் சில மணி நேரம் புலம் தாறுமாறாக ஆடும். பிறகு அடர்த்தி சரிந்து, புலம் வழவழப்பாகத் திரும்பத் தொடங்கினால் முகிலின் மையம் வந்துவிட்டது. அது வடக்கில் தொடங்கினால் ‘புயல் முடிந்தது’ என்று உடனே அறிவித்துவிடாதீர்கள். பத்து மணி நேரம் கழித்துத் தெற்குக்குத் திரும்பக்கூடும்.

இந்தக் கட்டத்தில் தரவே ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. பிஇசட்டை, பூமியின் காந்த அச்சைக் கணக்கில் எடுக்கும் ஜிஎஸ்எம் அச்சில்தான் படிக்க வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காத ஜிஎஸ்இ அச்சில் எடுத்தால் குறியே மாறிப்போகலாம். பெரிய புரோட்டான் பொழிவின்போது ஏஸ் காட்டும் வேகமும் அடர்த்தியும் நம்பத் தகுந்தவை அல்ல. காந்தப்புலத் தரவு பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். லாஸ்கோ படங்களிலும் அதே புரோட்டான்கள் வெண்புள்ளிகளாகக் கொட்டி முகப்பை மறைத்துவிடும். சம இரவு நாட்களை ஒட்டி கோஸ் கலங்கள் தினமும் பூமியின் நிழலுக்குள் போவதால் எக்ஸ்ரே வரைபடம் அறுந்து நிற்கும், அதை அமைதி என்று படிக்காதீர்கள். கேபி மூன்று மணி நேரக் கட்டங்களாக வருவது. 15:00-க்குத் தொடங்கிய கட்டத்தில் 17:30-க்கு அடித்த புயல் அந்த எண்ணில் முழுதாகத் தெரியாது.

யாருக்கு என்ன சொல்வது

ஆர் எச்சரிக்கை பகல் பக்கத்துக்கு மட்டும். அயனி மண்டலத்தின் கீழடுக்கு உயர் அதிர்வெண் ரேடியோ அலைகளை விழுங்கும். குறைந்த அதிர்வெண்கள் முதலில் போய்க் கடைசியில் திரும்பும். எனவே தொடர்பு அறுந்தால் அதிர்வெண்ணை உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மின்கட்டமைப்புக்கு ஜி எண்ணைவிடக் காந்தப்புலம் மாறும் வேகம் முக்கியம். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் விழுந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். தாழ்சுற்றுச் செயற்கைக்கோள் இயக்குபவர்களுக்கு மாறாகச் சிறு புயலும் செய்திதான்: 2022 பிப்ரவரியில் மிதமான புயல் ஒன்றில் மேல்வளிமண்டலம் விரிந்து, புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க்குகளில் 38 விழுந்தன. புவிநிலைச் சுற்றுக்கு ஆபத்து தாமதமாக வரும். வேகக் காற்று தொடங்கிய ஓரிரு நாளுக்குப் பின்தான் 2 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் 1,000 அலகு என்ற எச்சரிக்கை எல்லையைத் தாண்டும். புயல் ஓய்ந்தது என்று எல்லோரும் கலையும் நேரம் அது.

துருவ ஒளி பார்ப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு: காந்த அட்சரேகை 66 டிகிரியிலிருந்து கேபி ஒவ்வொரு படிக்கும் 2 டிகிரி கழியுங்கள். கேபி 9-க்கு 48 வரும். தொடுவானத்தில் தெரிவதற்கு இன்னும் சில டிகிரி தெற்கு வரை சலுகை உண்டு. காந்த நடுக்கோட்டுப் பகுதிகளில் ஜிபிஎஸ் தடுமாற்றத்துக்குப் புயல் தேவையே இல்லை. சூரிய உச்ச ஆண்டுகளில், சம இரவு மாதங்களில், சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுந்து சமிக்ஞையைச் சிதறடிக்கும். துல்லிய அளவைப் பணிகளை அந்த நேரத்துக்கு வைக்காமலிருப்பதே சிறந்த ஆலோசனை.

கணிப்பைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முடிவு தெரியுமுன் எண்களை எழுதி வையுங்கள்: எம், எக்ஸ் நிகழ்தகவுகள், கேபி உச்சம், முகில் இருந்தால் வரும் இடைவெளி. நிகழ்தகவுக்கு மதிப்பெண் போட, நிகழ்ந்தால் 1, இல்லையெனில் 0 என்று வைத்து, அதிலிருந்து உங்கள் எண்ணைக் கழித்து இருமடி எடுத்துச் சராசரி காணுங்கள். 0.3 என்று சொல்லி வெடித்தால் 0.49, வெடிக்காவிட்டால் 0.09. சராசரி குறையக் குறைய நல்லது. பிறகு, எல்லா நாளுக்கும் நீண்டகாலச் சராசரியையே கணிப்பாகச் சொன்ன சோம்பேறி ஒருவரின் மதிப்பெண்ணையும் அதே பட்டியலில் கணக்கிடுங்கள். அவரை நீங்கள் முந்தவில்லை என்றால் எந்த வகைக் கூட்டத்துக்கு எண்ணைக் கூட்டிப் போடுகிறீர்கள் என்று தேட வேண்டும், பெரும்பாலும் அது எக்ஸ் வரிசையில்தான் இருக்கும். வராமலே போன முகில்களையும் பட்டியலில் தனி வரியாக வையுங்கள். வந்தவற்றின் நேரப் பிழையை மட்டும் சராசரி எடுத்தால் உங்கள் திறமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.